பெண்களின் உடையும் உரிமையும்: ஆணைகள், ஆண்டுகள், நிபந்தனைகள் – முக்கியக் குறிப்புகள்

உடை வரலாறு படிக்கும் பலர் ஆண்டையும் பெயரையும் உருப்போட்டுவிட்டு, ஆணையில் இருந்த நிபந்தனையைக் கோட்டை விடுகிறார்கள். பெண்கள் இன்ன உடை அணியலாம் என்று எந்த அரசு எப்போது அனுமதி தந்தாலும், அதே தாளில் ‘ஆனால்’ என்று ஒரு வரி சேர்ந்தே வந்திருக்கிறது. அந்த வரியைத் தெரிந்துகொண்டால் கொள்குறி வினாவில் தடுமாற மாட்டீர்கள்; முதன்மைத் தேர்வில் எழுதவும் விஷயம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. 2019-இல் அதை நீக்கிவிட்டார்கள். பாடம் போனதால் கேள்வியும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். குரூப் 1, குரூப் 2 எழுதுவோர் முதல் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

தோள்சீலைப் போராட்டம்

• களம் தென் திருவிதாங்கூர்: கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை பகுதிகள். 1956 நவம்பர் 1-இல் இவை தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கேரள வரலாறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

• தன்னைவிட உயர்ந்ததாகச் சொல்லப்பட்ட சாதியார் முன் மேலுடம்பைத் திறந்து நிற்பதே அங்கு மரியாதையாகக் கருதப்பட்டது. ஆண், பெண் இருவருக்கும் இந்த விதி உண்டு. நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்னிலையில் மேல்முண்டை நீக்க வேண்டும். நாடார், ஈழவர், புலையர் பெண்கள் மேலே இருந்த எல்லார் முன்னிலையிலும் நீக்க வேண்டும். அன்றைய ஆவணங்களில் ‘சாணார்’ என்று குறிக்கப்படுவோரே இன்றைய நாடார்கள். நாடார் என்ற பெயரை அரசு ஏற்றது 1921-இல்.

• தடை மேலாடையோடு நிற்கவில்லை. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கவும் கூடாது. மற்ற ஊர்ப் பெண்கள் யோசிக்காமல் செய்யும் காரியம்கூட இங்கே சாதியின் அளவுகோலாகிவிட்டது. ஆகவே ‘பெண்ணடிமைத்தனம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விடையை முடித்தால் பாதி மதிப்பெண்தான். சாதியின் படிக்கட்டு வெளியில் தெரிய வேண்டும், அது தெரிய வேண்டிய இடம் பெண்ணின் உடம்பு – இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

• தலைக்கரம் ஆண்களிடமும் முலைக்கரம் பெண்களிடமும் வசூலிக்கப்பட்ட வரிகள். முலைக்கரம் என்பது மார்பை மறைத்ததற்கான அபராதம் என்று இணையத்தில் பரவலாக எழுதப்படுகிறது. தாழ்த்தப்பட்ட சாதியினர் மீது விதித்த தலைவரியின் பெண்பாற் பிரிவுதான் அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முலைக்கரத்தை எதிர்த்துத் தன் மார்பை அறுத்ததாகச் சொல்லப்படும் சேர்த்தலை நங்கேலியின் கதை செவிவழியாக வந்தது. சமகால ஆவணம் கொண்டது அல்ல. விடையில் குறிப்பிடலாம், ‘மக்கள் வழக்கில்’ என்ற சொல்லோடு.

• லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-இல். பின்னால் சார்லஸ் மீடும் மால்ட் தம்பதியரும் வந்தனர். நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். மேலுடம்பை மறைக்கும் உரிமை இல்லாத வீட்டுப் பெண்கள், வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடுப்புக்கு ஓரம் பின்னித் தந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

ஆணைகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். குழப்பம் வருவது இங்கேதான்.

• 1812: ஆங்கிலேயரின் ரெசிடென்ட்டாகவும் திருவிதாங்கூர் திவானாகவும் ஒரே நேரத்தில் இருந்த கர்னல் ஜான் மன்றோ, மதம் மாறிய கிறிஸ்தவப் பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்று உத்தரவிட்டார். மதம் மாறாத பெண்களுக்கு இது கிடையாது.

• 1814: சிரியன் கிறிஸ்தவர், மாப்பிளைப் பெண்கள் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம் என்று அரசு அறிவித்தது. குப்பாயம் என்பது கை வைத்த, தளர்வான சட்டை. நாயர் பெண்கள் தோளில் இடும் மேல்முண்டுக்கு, அதாவது தோள்சீலைக்கு, அனுமதி இல்லை.

• 1822: குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு பெண்கள் சந்தைக்கும் பொது இடங்களுக்கும் வரத் தொடங்கினார்கள். அவர்கள் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. மறைத்தார்கள் என்பதைவிட ‘எங்களைப் போலவே மறைத்தார்கள்’ என்பதுதான் எதிர்த்தவர்களின் கோபம். 1823-இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

• 1829 பிப்ரவரி: ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில் பிரகடனம். குப்பாயம் அணியலாம், தோள்சீலை கூடாது. இதை ‘உரிமை வழங்கிய ஆணை’ என்று குறித்துவிடாதீர்கள். கொடுத்ததைச் சுருக்கிய ஆணை இது.

• 1855: திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிப்பு. உழைப்பாளிகள் கைவிட்டுப் போனதில் நிலவுடைமையாளர்கள் சினத்தில் இருந்த நேரம்.

• 1858 நவம்பர் 1: விக்டோரியா அரசியின் பேரறிக்கை. பழைய வழக்கங்களில் அரசு தலையிடாது என்று ஒரு தரப்பு இதைப் படித்தது. எல்லாருக்கும் சம உரிமை என்று மறு தரப்பு படித்தது. ஒரே அறிக்கைக்கு இரண்டு பொருள். அந்த டிசம்பரில் திவான் தி. மாதவ ராவ் பழைய விதியை வலியுறுத்தி அறிவிப்பு வெளியிட்டார். கலவரம் மூண்டது; வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன.

• 1859 ஜூலை 26: உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பிரகடனம். அழுத்தம் கொடுத்தவர் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். அப்போதைய ரெசிடென்ட் வில்லியம் கல்லன். பிரகடனத்தின் உள்ளடக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல மற்ற நாடார் பெண்களும் சட்டை அணியலாம். மீனவரான முக்குவர் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எந்த விதத்திலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது.

‘1859 பிரகடனம் முழு உடைச் சமத்துவத்தை வழங்கியது’ என்று கூற்று வந்தால், தவறு என்று குறிக்க வேண்டும். மறைக்கும் உரிமை கிடைத்தது. மறைக்கும் விதத்தில் சமம் கிடைக்கவில்லை.

• இந்தப் போராட்டத்தைப் பாதிரிமார்களின் சாதனையாகவே எழுதுவது பழைய பழக்கம். மனு எழுதியதும் நீதிமன்றம் போனதும் அவர்கள்தான், உண்மை. ஆனால் கிழித்த பிறகும் மறுநாள் அதே சீலையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள் இல்லாமல் மனுவுக்கு வேலையே இருந்திருக்காது. சர்ச்சுக்கு வெளியே அய்யா வைகுண்டரின் இயக்கமும் இருந்தது. சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடும் முறையை அவர் ஏற்படுத்தினார். சமத்துவ சமாஜம் 1836.

• நடப்பு நிகழ்வு: 200-ஆம் ஆண்டு நிறைவு விழா 2023 மார்ச் 6-இல் நாகர்கோவிலில் நடந்தது. அப்போதைய தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் கலந்துகொண்டனர். கணக்கு 1822–23 நிகழ்வுகளிலிருந்து எடுக்கப்பட்டது, 1859-இலிருந்து அல்ல.

1859-இன் ‘ஆனால்’ உடைந்த இரண்டு இடங்கள்

• 1915, கல்லுமாலைப் போராட்டம். புலையர் பெண்கள் பொன், வெள்ளி அணியக் கூடாது. கல்லாலும் கண்ணாடி மணிகளாலும் ஆன மாலைகளைத்தான் கழுத்தில் சுமக்க வேண்டும். கொல்லம் அருகே பெரிநாட்டில் கலவரம் நடந்த பின், டிசம்பரில் கொல்லம் பீரங்கி மைதானத்தில் கூட்டம் கூடியது. புலையர் தலைவர் அய்யன்காளி அழைத்ததும் பெண்கள் மாலைகளை அறுத்து எறிந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை. அவர் ஒரு நாயர் தலைவர் என்பது குறித்துவைக்க வேண்டிய செய்தி.

• 1927, மகாத். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட டிசம்பர் 25-ஐ எல்லாரும் படிக்கிறார்கள். அதே மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசியதைச் சிலரே படிக்கிறார்கள். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் புடவை கட்டாதீர்கள், உயர்சாதிப் பெண்களைப் போலவே கட்டுங்கள், சாதியைக் காட்டும் கனத்த நகைகளை விடுங்கள் என்றார். முழங்காலோடு நின்ற புடவை, கணுக்கால் வரை இறங்கியது. 1859 பிரகடனம் எதைக் கூடாது என்றதோ, அதையே செய்யச் சொன்னார் அவர். 1859, 1915, 1927 மூன்றையும் இணைத்து ஒரு பத்தி எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிரான்ஸ்: கால்சட்டைக்கு போலீஸ் அனுமதி

• புரட்சிக்கு முன் எந்த வகுப்பார் எந்தத் துணி அணியலாம் என்பதைச் சட்டமே வரையறுத்தது. 1789-க்குப் பின் இந்தப் பிறப்புவழித் தடை போயிற்று. வகுப்பு வேறுபாடு சட்டத்திலிருந்து மறைந்த இடத்தில் ஆண்–பெண் வேறுபாடு வந்து உட்கார்ந்தது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்தால் கீழே உள்ள தேதிகள் தானாக வரிசையாகும்.

• 1793 செப்டம்பர் 21: மூவண்ணப் பட்டைச் சின்னத்தைப் பெண்களும் அணிய வேண்டும் என்று சட்டம். அணிந்த பெண்களுக்கும் பாரிஸ் சந்தைக்காரப் பெண்களுக்கும் தெருவில் அடிதடி. அணிந்தவர்கள் அடுத்ததாகச் சிவப்புத் தொப்பியும், அதன் பின் வாக்குரிமையும் துப்பாக்கியும் கேட்பார்கள் என்று ஆண் தலைவர்களுக்குப் பயம்.

• 1793 அக்டோபர் 29: இன்ன உடைதான் அணிய வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தேசிய மாநாடு ஆணையிட்டது. சுதந்திரத்தின் உச்சம் என்று தோன்றும். ஆணையின் வாசகமோ, அவரவர் ‘தம் பாலினத்துக்குரிய’ உடையை விருப்பப்படி அணியலாம் என்பது. மறுநாளே, அக்டோபர் 30-இல், பெண்கள் சங்கங்கள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. நவம்பர் 3-இல் பெண்ணுரிமை எழுத்தாளர் ஒலாம்ப் து கூஜ் கில்லட்டினில் கொல்லப்பட்டார். ஆறு நாட்களுக்குள் மூன்று நிகழ்வுகள். காலவரிசை வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

• 1800 நவம்பர் 7: பாரிஸ் காவல்துறை ஆணை. ஆண் உடை அணிய விரும்பும் பெண் காவல் தலைமையகத்துக்கு நேரில் வந்து அனுமதி பெற வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும்.

• அப்படி அனுமதி பெற்றவர்களுள் புகழ்பெற்றவர் ஓவியர் ரோசா போனர். குதிரைச் சந்தையை வரைந்தவர். அந்த ஓவியம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாட்டுச் சந்தையிலும் கசாப்புக் கூடத்திலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று படம் வரைய முடியாது. 1857-இல் அவருக்குத் தரப்பட்ட சீட்டு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்று எழுதியிருக்கிறது. அந்த உடையில் நாடகம், நடன விருந்து, மக்கள் கூடும் இடங்களுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. வேலைக்குச் சரி, விருந்துக்குக் கூடாது. அதே அம்மையாருக்கு 1865-இல் லெஜியன் ஆஃப் ஆனர் விருதும் வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் ஓவியர்.

• 1892, 1909 சுற்றறிக்கைகள் விதியைத் தளர்த்தின. கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் ஹேண்டில்பாரோ இருந்தால் பெண் கால்சட்டை அணியலாம். சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டால்? அதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை.

• 2013 ஜனவரி 31: பெண்கள் உரிமை அமைச்சர் நஜாத் வல்லோ-பெல்காசெம் 1800 ஆணை செல்லாது என்று அறிவித்தார். 1946 அரசியலமைப்பின் சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணாக இருப்பதால் அது ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது என்பதே அவர் தந்த விளக்கம். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944-இல் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

• பின்னோக்கி ஒரு குறிப்பு: ஜோன் ஆஃப் ஆர்க் மீதான வழக்கில் ஆண் உடை அணிந்ததும் ஒரு குற்றச்சாட்டு. எரிக்கப்பட்டது 1431, தீர்ப்பு ரத்தானது 1456, புனிதர் பட்டம் 1920.

அமெரிக்காவும் இங்கிலாந்தும்

• பெண்ணுரிமைக்கான செனகா ஃபால்ஸ் மாநாடு 1848 ஜூலை 19, 20. அதே ஊரில் 1849-இல் ‘தி லில்லி’ இதழைத் தொடங்கியவர் அமீலியா புளூமர். 1851-இல் முழங்காலைத் தாண்டும் பாவாடைக்குக் கீழே துருக்கிப் பாணிக் கால்சட்டை என்ற உடையை அங்கு அணிந்து வந்தவர் எலிசபெத் ஸ்மித் மில்லர். வாக்குரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டான்டன் பின்பற்றினார். புளூமர் தன் இதழில் எழுதினார். பெயர் எழுதியவருக்குப் போயிற்று. ‘புளூமர் உடையை முதலில் அணிந்தவர் யார்?’ என்ற கேள்விக்கு விடை புளூமர் அல்ல.

• சில ஆண்டுகளிலேயே ஸ்டான்டன் அந்த உடையைக் கைவிட்டார். மேடையில் வாக்குரிமை பற்றிப் பேசினால் கூட்டம் காலைப் பார்த்துச் சிரித்தது. உடை விடுதலைக்கும் அரசியல் விடுதலைக்கும் இடையே எதை முதலில் கேட்பது என்ற சிக்கலில் அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். புளூமர் சற்றுக் கூடுதல் காலம் அணிந்தார். 1856-இல் வந்த, பாவாடையை விரித்து நிறுத்தும் எஃகு வளைய கிரினோலின், அடுக்கடுக்கான உள்பாவாடைகளின் கனத்தைக் குறைத்தது. கனம் குறைந்ததும் தேவையும் குறைந்தது என்று அவரும் விட்டுவிட்டார். அந்த வளையத்துக்கு வேறு விலை இருந்தது. 1863 டிசம்பர் 8-இல் சிலியின் சாந்தியாகோ தேவாலயத் தீயில் 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் பெண்கள். அகன்ற பாவாடைகள் தீப்பற்றின, வாசலையும் அடைத்தன.

• டாக்டர் மேரி எட்வர்ட்ஸ் வாக்கர்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவர். மெடல் ஆஃப் ஆனர் பெற்ற ஒரே பெண். வழங்கியது 1865, பறித்தது 1917, திரும்பக் கொடுத்தது 1977. கால்சட்டை அணிந்ததற்காகப் பலமுறை கைதானவர். 1848-இலேயே ஒஹையோவின் கொலம்பஸ் நகரம் பாலினம் மாற்றி உடுத்துவதைத் தடை செய்திருந்தது. சான் பிரான்சிஸ்கோ 1863-இல்.

• அறிவுசார் உடைச் சங்கம், லண்டன், 1881. முன்னின்றவர் சீமாட்டி ஹார்பர்ட்டன். பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஏறத்தாழ 3.2 கிலோ. இது அவர்கள் வைத்த மேல்வரம்பு என்றால், வழக்கத்தில் இருந்த கனத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

• சைக்கிள்: இரு சக்கரமும் ஒரே அளவான பாதுகாப்பு சைக்கிள் 1885. பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட சைக்கிள் அதிகம் செய்திருக்கிறது என்ற பொருளில் வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆண்டனி சொன்னது 1896-இல். 1898-இல் ஹார்பர்ட்டன் சைக்கிளில் சர்ரே மாவட்டத்து ஆக்கம் ஊருக்குப் போனார். அங்கிருந்த ஹாட்பாய் விடுதியில், அகன்ற கால்சட்டை அணிந்திருந்ததால் காபி அறைக்குள் அனுமதி மறுத்தார்கள். மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். சைக்கிள் சங்கம் 1899-இல் வழக்குப் போட்டது, தோற்றது. உணவு தர மறுக்கவில்லையே, வேறு அறைதானே காட்டினார்கள் என்பது விடுதித் தரப்பின் வாதம். திருவிதாங்கூர்ப் பிரகடனத்தைப் படித்தவருக்கு இந்த வாதம் புதிதல்ல.

• 1908: வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள் சமூக அரசியல் ஒன்றியத்தின் நிறங்கள் ஊதா, வெள்ளை, பச்சை. தேர்ந்தவர் எம்மலின் பெதிக்-லாரன்ஸ். புளூமர் காலத்துப் பாடத்தை இவர்கள் கற்றிருந்தார்கள். உடையை மாற்றவில்லை, அன்றைய நாகரிகமான வெள்ளை கவுனையே அணிந்து, நிறத்தால் மட்டும் அரசியல் பேசினார்கள்.

போர்க்காலம்

• 1917 வாக்கில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். கால்சட்டை, ஓவரால், தலைத்துணி. இயந்திரத்தில் சிக்கும் என்பதால் பாவாடை குட்டையாயிற்று, தலைமுடியும் குட்டையாயிற்று. டி.என்.டி. வெடிமருந்தால் தோல் மஞ்சளாகிப் போனவர்களைக் கேனரிப் பெண்கள் என்றார்கள்.

• 1918 சட்டம்: பெண்களுக்கு வாக்குரிமை, ஆனால் 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் வேண்டும். ஆண்களுக்கு 21. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்கள் பலர் இந்த வயதுக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். சமம் ஆனது 1928.

• 1919 விம்பிள்டன்: சுசான் லெங்லன் இடுப்பை இறுக்கும் கார்செட் இல்லாமல், முழங்கால் மறையும் அளவு பாவாடையில் ஆடி வென்றார்.

• இரண்டாம் உலகப் போர்: பிரிட்டனில் துணி ரேஷன் 1941 ஜூன் 1-இல் தொடங்கி 1949 வரை. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். கம்பளி கவுனுக்கு 11, ஒரு ஜோடி காலுறைக்கு 2. அமெரிக்காவில் நைலான் காலுறை நாடு முழுதும் விற்பனைக்கு வந்தது 1940 மே 15.

• ரோஸி தி ரிவெட்டர்: 1943. தலைத்துணி கட்டி முஷ்டியை மடக்கும் சுவரொட்டி ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்தது. சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் அட்டைப்படம் நார்மன் ராக்வெல் வரைந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்பார்கள்.

• 1947 பிப்ரவரி 12, கிறிஸ்தியன் தியோரின் ‘நியூ லுக்’: ஒடுங்கிய இடுப்பு, கெஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடை. போர் முடிந்தது, வேலைக்கு ஆண்கள் திரும்பினார்கள், பெண்ணுக்கு இடுப்பு திரும்பியது. நேர்கோட்டு முன்னேற்றமாக இந்த வரலாற்றை எழுதக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

• போருக்குச் சற்று முன், 1938-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கால்சட்டையில் வந்த ஆசிரியை ஹெலன் ஹூலிக்குக்கு 5 நாள் சிறை, மேல்முறையீட்டில் ரத்து. அமெரிக்க செனட் அவையில் பெண் உறுப்பினர் கால்சட்டை அணிவது வழக்கமானது 1993-க்குப் பிறகே.

இந்தியா: புடவை, கதர், காக்கி

• ஞானதாநந்தினி தேவி: முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரி சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி. பம்பாயில் பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, இடது தோளில் ஊசி குத்தி, ரவிக்கையும் காலணியும் சேர்த்து அணியும் முறையை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். பிரம்ம சமாஜப் பெண்கள் ஏற்றதால் பிரம்மிகா புடவை. கணவரின் உத்தியோகத்தால் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டிய முதல் தலைமுறைப் பெண்ணுக்கு, வெளியே அணிய ஓர் உடை தேவைப்பட்டது. மரபு என்று இன்று பேசப்படும் கட்டு இது. வயது ஏறத்தாழ 160 ஆண்டுதான்.

• ஆனந்திபாய் ஜோஷி: 1886-இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1885 அக்டோபர் 10 தேதியிட்ட ஒரு புகைப்படம் உண்டு: புடவையில் ஆனந்திபாய், கிமோனோவில் ஜப்பானின் கேய் ஒகாமி, தன் நாட்டு உடையில் சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி. மூவரும் மருத்துவ மாணவியர். படிப்பை மாற்றிக்கொண்டவர்கள் உடையை மாற்றிக்கொள்ளவில்லை.

• கதர்: காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22, மதுரை. கதர்ப் புடவையை முதலில் எடுத்தவர்களில் ஒருவர் சரளாதேவி சௌதுராணி. காந்திக்குத் துணி குறைந்தது எளிமை. பெண்களுக்கோ முரட்டுக் கதரில் புடவை என்றால் கனம் கூடியது. 1930-இல் அந்நியத் துணிக்கடை மறியலில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள்.

• சுயமரியாதை இயக்கம்: முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரி, செங்கல்பட்டு, பெண்ணுக்குச் சொத்துரிமைத் தீர்மானம் அங்கே. பெண்கள் கிராப் வெட்டிக்கொள்ளலாம், ஆண்கள் அணியும் வகை உடைகளை அணியலாம் என்று பெரியார் எழுதியும் பேசியும் வந்தார். மேற்கே பெண்கள் கேட்டுப் பெற முயன்றதை இங்கே ஓர் ஆண் தலைவர் வற்புறுத்தினார். பெரும்பாலான தொண்டர் வீடுகளில் புடவைதான் தொடர்ந்தது.

• ஜான்சி ராணி படை: 1943 ஜூலையில் அறிவிப்பு, அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறப்பு. தலைவர் கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினர். பால் வெட்டிய கையில் துப்பாக்கி, புடவைக்குப் பதில் காக்கிக் கால்சட்டையும் பூட்ஸும். பலர் கூந்தலையும் வெட்டிக்கொண்டனர். இங்கு அரசாணையும் இல்லை, ‘ஆனால்’ என்ற வரியும் இல்லை. ஆண் உடை, பெண் உடை என்ற வழக்கு சீருடைக் கிடங்கிலேயே தீர்ந்துவிட்டது. படையின் இளம் அதிகாரி ஜானகி தேவர் பின்னாளில் மலேசிய இந்தியக் காங்கிரசைத் தொடங்கியவர்களுள் ஒருவர், பத்மஸ்ரீ 2000. லட்சுமிக்கு பத்மவிபூஷண் 1998. குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டது 2002.

• 2019: தமிழகத் தலைமைச் செயலக ஊழியர் உடை பற்றிய அரசாணை. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், சுடிதார், துப்பட்டாவுடன்.

அண்மைச் செய்திகள்

• பாட்மின்டன்: பெண்கள் பாவாடை அணிய வேண்டும் என்று 2011-இல் உலகக் கூட்டமைப்பு கொண்டுவந்த விதி, எதிர்ப்பால் 2012-இல் கைவிடப்பட்டது.

• கடற்கரை ஹேண்ட்பால்: பிகினி அணியாமல் அரைக்கால்சட்டை அணிந்ததற்காக 2021-இல் நார்வே பெண்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம். அதே ஆண்டில் விதி மாறியது. இப்போது குட்டையான, உடலோடு ஒட்டிய அரைக்கால்சட்டை அணியலாம். குட்டை, ஒட்டியது என்ற இரண்டு சொற்களும் விதியிலேயே உள்ளவை.

• விம்பிள்டன்: முழு வெள்ளை விதி 2023 முதல் பெண்களுக்குச் சற்றுத் தளர்ந்தது. மாதவிடாய்க் கவலை இல்லாமல் ஆட, அடர் நிற உள் அரைக்கால்சட்டை அணியலாம். பாவாடையைவிட நீளமாக இருக்கக் கூடாது.